பள்ளிக் கட்டணம் திடீரென்று வருவதில்லை

மே மாதக் கடைசியில் சென்னைப் புறநகரில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அடகுக் கடைகளுக்குள் எட்டிப் பாருங்கள். நிற்பதெல்லாம் நம்மைப் போன்ற பெற்றோர்கள்தான். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "என்ன பண்றது, ஸ்கூல் ஃபீஸ் திடீர்னு வந்துடுச்சு."

திடீரென்றா? ஜூனில் பள்ளி திறக்கும் என்பது போன ஜூனிலேயே தெரியாதா? காய்ச்சல் சொல்லாமல் வரும், வேலை சொல்லாமல் போகும். முழுதாகப் பன்னிரண்டு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டு வரும் செலவுக்குத் திடீர் செலவு என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 5,000 வீதம் வங்கியில் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டால், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றாலும் பன்னிரண்டு மாதத்தில் அசலுக்கு மேல் சுமார் 2,000 ரூபாய் கையில் வரும். அதே 60,000 ரூபாயை நகை வைத்து, நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கி ஒரு வருடம் ஓட்டினால் 10,800 ரூபாய் கையை விட்டுப் போகும். வித்தியாசம் சுமார் 12,800 ரூபாய். இதைப் படிப்புச் செலவு என்று சொல்லாதீர்கள். நாள் தள்ளியதற்கு நாம் கட்டும் அபராதம் இது.

"மாதம் 5,000 எடுத்து வைக்க முடிந்தால் ஏன் அடகுக் கடைக்குப் போகிறோம்?" என்று கேட்பீர்கள். அப்படியானால் நகையை எந்தப் பணத்தில் மீட்கிறீர்கள்? அதே சம்பளத்தில்தானே! முதல் வருடம் கடினம்தான். வேலை அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியோ ஆவடி டேங்க் ஃபேக்டரியோ, தீபாவளி போனஸ் வந்ததும் புது டி.வி.க்கு முன்னால் நகையை மீட்டுவிடுங்கள். இதுவரை அடகுக் கடைக்குப் போன வட்டிப் பணத்தை அடுத்த மாதமே ஆர்.டி.க்குத் திருப்புங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு கேள்வி. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009லேயே சட்டம் வந்துவிட்டது. கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழுவும் இருக்கிறது. நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அந்தக் குழு எவ்வளவு நிர்ணயித்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசும் வாய், பள்ளி அலுவலகத்தில் மட்டும் ஏன் திறப்பதில்லை?

அடுத்தது, பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு என்று சொல்லிக்கொண்டு பேராசையில் போடும் பணம். ஆருத்ரா கோல்டு நிதி நிறுவன விவகாரத்தை மறந்துவிட்டோமா? மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்றார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டினார்கள். 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் சோதனைக்குப் போனபோதுதான் பலருக்கும் விழிப்பு வந்தது. மாதம் 30 சதவீதம் என்றால், வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் 23 லட்சம் ஆக வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால், நடத்துகிறவர் வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தானே சம்பாதித்துக்கொள்ள மாட்டாரா? உங்கள் ஒரு லட்சத்துக்கு எதற்கு வீடு தேடி வருகிறார்?

பக்கத்துத் தெரு அக்கா நடத்தும் சீட்டையும் இதேபோல் கேள்வி கேட்க வேண்டும். அக்கா நல்லவராகவே இருக்கட்டும். ஏலம் எடுத்த இரண்டு பேர் பாக்கியைக் கட்டாமல் வீட்டைக் காலி செய்தால் அக்கா என்ன செய்வார்? 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துகிறவர் ஈடு கட்ட வேண்டும், அவருடைய கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு எண் இல்லாத சீட்டில் பணம் போனால், கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே.

ஆனால் உண்மையிலேயே பிள்ளைகளுக்காக இருக்கும் திட்டங்களைத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கலாம். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும். பையனுக்குப் பொன்மகன் பொது வைப்பு நிதி இருக்கிறது. சேமிப்பு மட்டும் போதாது. தினமும் சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் காப்பீடு உண்டா? வங்கிக் கணக்கு வழியாக வருடத்துக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். பிறந்தநாள் கேக்குக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளைகளுக்காகத்தான் உழைக்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த உழைப்பை வட்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். சம்பளம் வந்த மறுநாள் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு, ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். ஒரு ஆர்.டி.யும் இரண்டு காப்பீடும் தொடங்கிவிட்டு வாருங்கள்.