பாப்பாவுக்குக் கோபம் வரக்கூடாதா?

என் அக்காள் மகளுக்கு 11 மாதம். சென்ற வாரம் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில், அவள் கையில் இருந்த சாவிக்கொத்தை நான் வாங்கியதும் வீறிட்டு அழுதாள். “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, அழக்கூடாது” என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “போலிஸ் மாமா வர்றார் பாரு” என்று தம் பங்குக்கு உதவினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஒன்றுமில்லையா? பிடித்த பொருள் கையைவிட்டுப் போயிருக்கிறது. அவளுக்கு அது பெரிய விஷயம்.

மூக்கு எங்கே, விளக்கு எங்கே என்று நாள் முழுதும் குழந்தைக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். அதன் மனத்துக்குள் நடப்பதற்கு மட்டும் பெயர் சொல்வதில்லை. “மாமா சாவியை வாங்கிட்டேன்னு கோபமா?” என்று கேட்டிருக்கலாம். அதற்காகச் சாவியைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

பேச வராத குழந்தைக்கு என்ன புரியும் என்பார்கள். பேசத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே குழந்தைகளுக்குச் சில சொற்கள் புரிகின்றன. முகமோ அதற்கும் முன்பே புரிகிறது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் நடத்திய சோதனையில், தாய் சற்று நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது. பலிக்காதபோது கலங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பேசியைப் பார்த்தபடி புட்டிப்பால் கொடுக்கும் எனக்கு இது உறைத்தது.

குழந்தை விழுந்தால் தரையை அடித்துச் சமாதானப்படுத்துவது நம் வீடுகளில் வழக்கம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலிக்குப் பெயர் சொல்வதை விட்டுவிட்டு, பழி போட ஆள் தேடக் கற்றுக்கொடுக்கிறோம்.

சிங்கப்பூரில் 2 மாதக் குழந்தையைக்கூடப் பராமரிப்பு நிலையத்தில் விட முடிகிறது. வேலை முடிந்து வரும் பெற்றோருக்கு மிஞ்சுவது மாலையில் சில மணி நேரம். இதற்கென்று தனி நேரம் தேவையில்லை. பேம்பர்ஸ் மாற்றும்போது “குளிருதா?”, மிக்சி சத்தத்துக்கு நடுங்கினால் “பயந்துட்டியா?”, அப்பா கதவைத் திறந்ததும் “சந்தோஷமா?” என்று கேட்டால் போதும்.

அதைத் தமிழிலேயே கேட்கலாமே. தொல்காப்பியம் நகை, அழுகை, அச்சம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. நம் வீட்டில் ‘சேட்’, ‘ஏங்ரி’ இரண்டோடு முடிந்துவிடுகிறது. ஏக்கம், சலிப்பு, கூச்சம் எல்லாம் எங்கே போயின?

நேற்று அதே மின்தூக்கியில் மீண்டும் சாவியை வாங்கினேன். “கோபமா?” என்றேன். அழுகை நிற்கவில்லை. ஆனால், அழுதுகொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.