கதவை மூடுமுன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளையைத் தத்தெடுப்பது சரியா, தவறா? இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், பட்டிமன்றம் போல இரண்டு அணி உடனே தயார். ஒரு அணி அந்தப் பெற்றோரைத் தெய்வமாக்கும். இன்னொரு அணி பிள்ளை பிடிக்கிறவர்களாக்கும். இந்தக் கூச்சலில் ஒரு கூட்டம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. "இவங்கதான் உன் அம்மா, அப்பா" என்று போட்டோ காட்டப்பட்டு, அதற்குப் பிறகு அப்படியே விடப்பட்ட பிள்ளைகள்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். சீனாவையே எடுத்துக்கொள்ளலாம். 1992-ல் வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுக்க அந்த நாடு முறையாகக் கதவைத் திறந்தது. அமெரிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் 82,000 பிள்ளைகளுக்கு மேல் போயிருக்கிறார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் பெண் குழந்தைகள். (ஒரு குழந்தைக் கொள்கையும் ஆண் பிள்ளை மோகமும் சேர்ந்து செய்த வேலை.) பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் இதயக் கோளாறு, பிளவுபட்ட உதடு, முதுகுத்தண்டுக் குறை என்று சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகள்.

2020 தொடக்கத்தில் கொரோனா வந்தது. பயணங்கள் நின்றன. நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொரோனா போன பிறகும் கதவு திறக்கவில்லை. ஏற்கெனவே பயண அனுமதி வாங்கி வைத்திருந்த வெகு சிலரின் பிள்ளைகள்தான் வந்து சேர்ந்தார்கள். 2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் ஒரே அறிவிப்பில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். இனி நெருங்கிய ரத்த உறவில் உள்ள பிள்ளையையோ, கணவன் அல்லது மனைவியின் முந்தைய பிள்ளையையோ தத்தெடுக்க வருகிற வெளிநாட்டவருக்கு மட்டுமே அனுமதி. பிள்ளை யார் என்று முடிவாகி, பெயர் வைத்து, கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருந்தவர்கள்? நூற்றுக்கணக்கான குடும்பங்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

காத்திருப்பு என்றால் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என்று நினைப்பவர்கள் அந்த வீடுகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றத் துறை கொடுக்கும் தத்து அனுமதிக்கு ஆயுள் 15 மாதம். கைரேகைக்கும் அதே கணக்கு. அது முடிந்தால் சமூகப் பணியாளர் மறுபடி வீட்டுக்கு வருவார். சம்பளம் எவ்வளவு, உடம்பு எப்படி, சண்டை போடுகிறீர்களா, எந்த அறை பிள்ளைக்கு... எல்லாம் முதலிலிருந்து. வேலை மாறினால் திருத்தம், வீடு மாறினால் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் பணம். இடையில் "அடுத்த பொறந்த நாளுக்குள்ள வந்துடுவான்" என்று வாங்கி வைத்த சட்டை, பிரிக்காமலேயே சின்னதாகிப் போகும். 16 வயது நிரம்புவதற்குள் மனு போய்ச் சேராவிட்டால் அமெரிக்காவின் கதவும் மூடிவிடும். பெரிய பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு பிறந்தநாளும் கொண்டாட்டமா, பயமா?

இந்த வீடுகளில் பலவற்றில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது. அதுவும் சீனக் காப்பகத்திலிருந்து வந்ததுதான். "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை மற்ற வீட்டுப் பிள்ளைகள் கேட்பது வேறு, அந்தப் பெண் கேட்பது வேறு. அவளுக்குக் காப்பகம் என்றால் என்ன என்று தெரியும். தான் இங்கே வந்ததும் ஒரு கையெழுத்தால்தான், தம்பி அங்கேயே நின்றுபோனதும் ஒரு கையெழுத்தால்தான் என்று அவளுக்குப் புரியும்போது, "குடும்பம்" என்ற சொல்லை அவள் எவ்வளவு தூரம் நம்புவாள்?

"அதான் ஒண்ணு இருக்கே, போதாதா?" என்று கேட்கும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்பவர்களிடம் இதே கேள்வியைக் கேட்பார்களா? இங்கே பேச்சு ஆசையைப் பற்றியதே அல்ல. எந்தப் பிள்ளை என்று முடிவான பிறகு அது ஆசை இல்லை, வாக்கு. அந்த வாக்கில் இரண்டு அரசுகளின் முத்திரை இருக்கிறது.

எதிரணியின் வாதத்தில் ஒன்று மட்டும் கனமானது. அதை மறைப்பது நேர்மை இல்லை. சர்வதேசத் தத்தில் நடந்த அயோக்கியத்தனம் கொஞ்சமல்ல. 2005-ல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் காப்பகங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கியது அம்பலமானது. 2021-ல் நெதர்லாந்து, பழைய முறைகேடுகளைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்ததும் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. தென் கொரியாவில் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே அநாதை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அரசே பொறுப்பு என்று 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை, நல்லிணக்க ஆணையம் சொன்னது. பணமும் அவசரமும் சேர்ந்தால் தாயின் மடியிலிருந்தே பிள்ளையைப் பறிக்கும். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதற்கு மருந்து என்ன? ஒவ்வொரு காகிதத்தையும் தோண்டிப் பார்ப்பது. தவறு இருந்தால் அந்தத் தத்தை நிறுத்துவது, பெற்ற தாயைத் தேடுவது. யாரையும் எதையும் விசாரிக்காமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோடு போட்டு அடிப்பது மருந்தா? சீனா இந்த முடிவை முறைகேட்டைக் காரணம் காட்டிக்கூட அறிவிக்கவில்லை. சர்வதேச ஒப்பந்தங்களின் உணர்வுக்கு ஏற்ப என்பதைத் தாண்டி விளக்கமே கிடையாது.

அந்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது? 1993-ல் உருவான ஹேக் ஒப்பந்தம் சீனாவில் 2006-லும் அமெரிக்காவில் 2008-லும் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு உள்நாட்டில் குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார் என்கிறது. சரியான பேச்சு. கூடவே, பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேள் என்கிறது. மூடும்போது எந்தப் பிள்ளையிடம் கேட்டார்கள்?

இது நடப்பது முதல் தடவையும் அல்ல. 2012 டிசம்பரில் ரஷ்யா, அமெரிக்காவுடன் இருந்த அரசியல் கோபத்தில், அமெரிக்கர்கள் ரஷ்யப் பிள்ளைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளையை நேரில் பார்த்து, மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத் திரும்பியவர்கள் கூட நடுவழியில் நின்றார்கள். 45 அமெரிக்கர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் அந்தத் தடை பாரபட்சமானது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் நான்கு வருஷம் ஓடிவிட்டது. தீர்ப்பைச் சட்டகம் போட்டு மாட்டலாம், போன குழந்தைப் பருவத்தை யார் திருப்பித் தருவார்கள்?

எந்த நாடும் தன் பிள்ளைகளைத் தானே வளர்த்துக்கொள்ள முடிவு செய்யலாம். நல்லது, செய்யட்டும். புதிய மனுக்களை வாங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே குடும்பம் முடிவான பிள்ளைகளின் கோப்பைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். காகிதம் சுத்தமா என்று பாருங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமே கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். உள்நாட்டிலேயே நல்ல வீடு கிடைத்திருக்கிறது என்றால் அதையாவது சொல்லுங்கள், காத்திருப்பவர்கள் அழுதுவிட்டாவது நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அரசுகளுக்கு இது ஒரு கொள்கை மாற்றம். காப்பகத்தில் போட்டோவை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, இது இரண்டாவது முறையாகக் கைவிடப்படுவது.