தவணை முடியும்வரை பேட்டரி உழைக்குமா?

நாகரகொளெ காட்டையொட்டிய எச்.டி. கோட்டை வட்டத்திலிருந்து விவசாயி ஒருவர் அண்மையில் மைசூருவிலுள்ள எங்கள் கிளைக்கு வந்தார். மின்கம்பி எட்டாத அவரது தோட்டவீட்டிற்குச் சூரிய மின்சாரமே துணை. ஐந்தாண்டுக் கடனில் வாங்கிய ஈய-அமில பேட்டரி மூன்றே ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது, தவணையோ ஓயவில்லை. “இம்முறை லித்தியம் வாங்கலாமா சார்?” என்று கேட்டார்.

ஏழை வீடுகளுக்குச் சூரிய விளக்கைக் கடனில் கொண்டுசேர்ப்பதில் கர்நாடகம் முன்னோடி. 1995-இல் தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனமும் கிராமிய வங்கிகளும் இணைந்து, குடும்பத்தின் வருவாய்க்கேற்பத் தவணையை வகுத்தன. கடன் காலம் பேட்டரியின் ஆயுளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தவணை சிறிதாகத் தோன்றுவதற்காகக் காலத்தை நீட்டுவது எங்கள் துறையின் பழக்கம். அதன் சுமை வாடிக்கையாளர் மீதே விழுகிறது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி 1.8 யூனிட் மின்சாரம் கொள்ளும். அது நீடித்து உழைக்க, பாதியளவே எடுக்கலாம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 1.28 யூனிட், அதில் 80 விழுக்காடு எடுத்தாலும் ஒரு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஈய-அமில வகைக்கு நீர் ஊற்றிப் பராமரிப்பதும் அவசியம்; வெப்பமும் அதன் ஆயுளை விரைவில் குறைக்கும்.

முன்னதன் விலை ரூ.15,000, ஆயுள் 4 ஆண்டுகள். பின்னதன் விலை ரூ.30,000, ஆயுள் 10 ஆண்டுகள் என வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு முறையே ரூ.3,750, ரூ.3,000. கூடுதல் வட்டியும், பழைய ஈய பேட்டரிக்குக் கிடைக்கும் விலையும் இந்த இடைவெளியைக் குறைக்கும். எனவே, எப்போதேனும் மின்தடைக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு ஈய-அமிலமே போதும். நாள்தோறும் பேட்டரியை நம்பி வாழ்வோருக்கு லித்தியமே சிக்கனம்.

வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: இப்போதுள்ள சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி லித்தியத்திற்குப் பொருந்துமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டுகள்? பழுது பார்ப்பவர் அருகில் உள்ளாரா? பிறகு வங்கிக்கு வாருங்கள்; உத்தரவாத காலத்திற்குள் முடியும் கடனையே கேளுங்கள். அந்த விவசாயிக்கும் இதையே சொன்னேன். பழைய கடனைச் சுமப்பவருக்குப் புதிய தவணை சற்றுப் பெரிதுதான். எனினும், இருண்ட வீட்டிற்குத் தவணை கட்டும் நிலை அவருக்கு மீண்டும் வரக்கூடாது.