ஏஜென்ட்டுக்கு வேலை சொல்வது நம்ம பொறுப்பு

விதை கேட்கிறவர், நாட்டு மாடு தேடுகிறவர், கத்தரியில் காய்ப்புழுவுக்கு வழி கேட்கிறவர் என நம்ம இயற்கை உழவர்கள் பலரும் இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில்தான் கூடுகிறார்கள். கூடவே கடன் விளம்பரமும் வதந்தியும் புகுந்துவிடுகின்றன. குழு நடத்துகிறவருக்கோ வயல் வேலைக்கு நடுவே இதையும் களையெடுக்க நேரமில்லை. அதனால், "ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே" என்ற பேச்சு வந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதற்கு வேலை சொல்வதைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் கையில் மட்டும் விடக்கூடாது என்பது என் கருத்து.

ஏஜென்ட் தானாகக் குழுவைத் தொட முடியாது. நாம்தான் அதற்குக் கருவிகள் கொடுக்கிறோம். பதிவை அழிப்பது ஒரு கருவி. ஆளை நீக்குவது இன்னொன்று. அறிவிப்புப் போடுவது மற்றொன்று. ஒவ்வொரு கருவியோடும் அது என்ன செய்யும் என்று சில வரி எழுதித் தரவேண்டும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த வரிகளைப் படித்துத்தான்.

புதுசா வேலைக்கு வந்த பையனிடம் "பஞ்சகவ்யா தெளிச்சிடு" என்று மட்டுமா சொல்வோம்? "10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, வடிகட்டி ஊத்து, வெயில் ஏறினப்புறம் அடிக்காதே" என்போம். நாம் மறந்தாலும் அவன் "எவ்வளவுங்க ஊத்தணும்?" என்று கேட்பான். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தானே ஊகித்துச் செய்துவிடும்.

பேரை வைத்து ஊகித்தால் என்ன ஆகும் என்பதற்கு டெலிகிராமிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே 'அன்பேன்' என்று ஒரு செயல் உண்டு. தடையை எடுப்பதுதானே, என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோணும். ஆனால், குழுவில் இருக்கிற ஒருவர்மேல் அதைச் சும்மா ஏவினால் அவர் வெளியே போய்விடுவார். மறுபடி அவரேதான் வந்து சேரணும். 'தடை செய்யப்பட்டிருந்தால் மட்டும்' என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பினால்தான் இது நடக்காது. தடைக்கும் கெடு வைக்கலாம். அந்தக் கெடு 30 விநாடிக்குக் குறைவாகவோ 366 நாளுக்கு மேலாகவோ இருந்தால் நிரந்தரத் தடை என்று கணக்கு. 'உறுப்பினரைத் தடை செய்யும்' என்ற ஒற்றை வரியில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் நிரல் எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார். அவருக்குத் தெரியாதது நம்மிடம்தான் இருக்கிறது. 'ரசாயன மருந்துப் பதிவுகளை அழிக்கவும்' என்று குறிப்பு எழுதியாச்சு என்று வைத்துக்கொள்வோம். குழுவில் மூன்று பதிவு வருகிறது.

"மோனோ அரை லிட்டர் இருக்கு, வேணுங்கறவங்க கூப்பிடுங்க."

"பக்கத்து வயல்ல மோனோ அடிக்கிறாங்க, காத்துல என் நெல்லுக்கு வருது, என்ன செய்யலாம்?"

"இஞ்சி பூண்டு மிளகாய் மருந்து அடிச்சேன், பூச்சி நல்லா கட்டுப்படுது."

முதலாவது விற்பனை. இரண்டாவது உதவி கேட்கிற குரல். மூன்றாவது, குழு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்த ஒற்றை வரி மூன்றையும் சேர்த்து அழிக்க வைக்கலாம். இரண்டாவது பதிவைப் போட்டவர் ரசாயனத்தை விட்டு இப்போதுதான் வெளியே வருகிறவராக இருந்தால், பதிவு காணாமல் போனபின் மறுபடி கேட்பாரா? நேரே உரக்கடைக்குத்தான் போவார்.

நானாக இருந்தால் குறிப்பை இப்படி எழுதுவேன்:

"பதிவை அழிக்கும் கருவி. குழுவில் எல்லோருக்கும் பதிவு மறைந்துவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி விற்கும் பதிவுகளுக்கு மட்டும் பயன்படுத்து. ரசாயனத்தின் பெயர் இருப்பதாலேயே அழிக்காதே. கேள்வி, அனுபவம், எச்சரிக்கை இவற்றை விட்டுவிடு. உழவர்கள் மூலிகைக் கரைசலையும் 'மருந்து' என்பார்கள். சந்தேகம் வந்தால் அழிக்காதே, நிர்வாகிக்குத் தெரிவிக்கும் கருவியை எடு."

என்ன செய்யும், செய்தபின் என்ன ஆகும், எப்போது எடுக்கணும், எப்போது எடுக்கக்கூடாது, சந்தேகம் வந்தால் என்ன வழி என்று எல்லாம் இதில் இருக்கிறது. நிர்வாகிக்குத் தெரிவிக்க ஒரு கருவி கட்டாயம் வேணும். அது இல்லாவிட்டால் அழிப்பது, சும்மா இருப்பது என்று ஏஜென்ட்டுக்கு ரெண்டே வழிதான்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் குறிப்பு வேலி ஆகிவிடாது. அதையும் மீறித் தப்பு நடக்கும். டெலிகிராமில் நிர்வாகி உரிமைகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். அழிக்கும் உரிமையைக் கொடுத்து, ஆளை நீக்கும் உரிமையைக் கொடுக்காமல் வையுங்கள். ஓர் உழவரைக் குழுவிலிருந்து அனுப்புவது மனுஷர் பேசி எடுக்கவேண்டிய முடிவு.

விதைப்பதற்கு முன் கொஞ்சம் விதையை ஈரச்சாக்கில் கட்டி முளைப்புப் பார்க்கிறோம் இல்லையா? அதுபோல, குழுவின் பழைய பதிவுகளில் ஒரு 50 எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுங்கள். நிஜமாக எதையும் செய்ய விடாமல், எதற்கு எந்தக் கருவியை எடுப்பாய் என்று மட்டும் கேளுங்கள். தப்பாகச் சொன்ன இடத்தில் குறிப்பைத் திருத்தி மறுபடி பாருங்கள்.

50 பேர் உள்ள குழுவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு ஆள் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய குழு வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெண்களையும் மூத்த உழவர்களையும் உட்காரவைத்து இந்தக் குறிப்புகளை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். இன்றைய ஏஜென்ட்கள் தமிழ் படிக்கும். நம்ம வட்டாரச் சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் விளக்கம் போட்டுவிடுங்கள்.