எரியாத விளக்கு

பழைய மோட்டார் சைக்கிளை விரும்பி வாங்கும் இளைஞர் பலர், அதன் விளக்குகளையும் புதிய வண்டியின் விளக்குகளைப் போலவே வாசிக்கின்றனர். எரிந்தால் கேடு, எரியாவிட்டால் நலம் என்பது அவர்கள் கொண்ட இலக்கணம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். அவற்றில் சிறு கணினி ஒன்று சென்சார்கள் தரும் செய்தியை ஆராய்ந்து, பழுது கண்டால் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. பழைய வண்டியில் ஆராய எவருமில்லை. ஒரு பல்பு, ஒரு ஒயர், ஒரு சுவிட்ச், அவ்வளவே. ஆகவே அங்கே எரியாமைக்கும் பொருள் உண்டு. அதுவே பெரிதும் அஞ்சத்தக்கது என்பது நம் கருத்து.

சிவப்பு ஆயில் விளக்கை எடுத்துக்கொள்வோம். 1969இல் வந்த ஹோண்டா சி.பி.750 போன்ற பெரிய வண்டிகளில் இதனைக் காணலாம். அது ஆயிலின் அளவைக் காட்டுவதாகப் பலரும் கருதுவர், காட்டுவது அழுத்தத்தை. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கி, பம்பு அழுத்தம் தந்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால், அடுத்த மெக்கானிக் கடை வரை போய்விடலாம் என்று எண்ணலாகாது. நின்ற இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் நிறைந்திருந்தாலும் பம்பு பழுதானால் உள்ளே உராய்வு எல்லாவற்றையும் தின்றுவிடும்.

சாவியைத் திருப்பும்போதே அது எரியாவிட்டால்? பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், விற்பவரே கழற்றியிருக்கலாம். வாங்கப் போகிறவர், பெட்ரோல் டேங்கின் பளபளப்பைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இதனைப் பார்த்தல் நன்று. நம் ஊரின் பழைய நூறு சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் இவ்விளக்கே கிடையாது. ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் எஞ்சின்கள் அவை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பவருக்கே அவற்றின் நிலை தெரியும்.

பச்சை நியூட்ரல் விளக்கு வேறு வகையில் ஏமாற்றும். கியர் பெட்டியிலுள்ள சுவிட்ச், நியூட்ரலில் அந்த ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கிறது, விளக்கு எரிகிறது. உறை தேய்ந்த ஒயர் சட்டத்தில் பட்டாலும் அதே விளக்குத்தான் எரியும், வண்டி முதல் கியரில் நின்றாலும்! அந்நிலையில் கிளட்சை விட்டால் வண்டி பாயும். எதிரே குழந்தை நின்றால் என்னாகும்? பச்சை கண்ட பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்படைப் பொருளையும் குறிப்புப் பொருளையும் பிரித்தறியச் சொல்லும் தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

நீல விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எரிந்தும் ஹை பீம் தெரியவில்லை என்றால் முகப்பு பல்பின் இழை போயிற்று.

இவற்றினும் நாம் உயர்வாக மதிப்பது, திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட்டின் அம்மீட்டரை. மின்னோட்டம் பேட்டரியை விட்டுப் போகிறதா, அதற்குள் வருகிறதா என்பதை அதன் முள் காட்டும். ஹாரன் அடித்தால் கழித்தல் பக்கம் சாயும்; எஞ்சின் வேகம் கூடினால் கூட்டல் பக்கம் திரும்பும். வேகத்திலும் கழித்தலிலேயே கிடந்தால் சார்ஜ் ஆகவில்லை. பேட்டரி தீருமுன் வீடு சேரலாம். கிக்கரை மெல்ல மிதித்து, முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷன் நெம்பை அழுத்திச் சற்றே நகர்த்தி, பின் ஓங்கி உதைப்பதும் அம்முள்ளை நம்பித்தான். பாயின்ட் திறந்ததை அது சொல்லிவிடுகிறது.

புதுப்பித்துத் தருவோர் சிலர் இந்த அம்மீட்டரைக் கழற்றி, அவ்விடத்தில் கடிகாரம் பொருத்துகிறார்கள். மணி பார்க்கக் கையில் கடிகாரம் இருக்கிறதே ஐயா!