மதராசியும் பையாவும்

மும்பைக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. 'மதராசி'ன்னு யாராவது சொன்னா நம்ம ஆளுங்களுக்கு இன்னமும் சுருக்குன்னு கோபம் வருது. வரட்டும். ஆனா அந்தச் சொல் எங்கேருந்து வந்ததுன்னு ஒருதரம் பார்த்துட்டுக் கோபப்படலாமே.

அது ஆரம்பத்துல வசவே இல்லீங்க. வெறும் விலாசம்தான். தாராவி தோல் பட்டறைக்கு வந்த திருநெல்வேலிக்காரர், மாட்டுங்காவுல குடியேறின பாலக்காட்டு குமாஸ்தா, ஓட்டல் போட்ட உடுப்பிக்காரர், மூணு பேருமே மதராஸ் மாகாணத்து ஆளுங்கதான். பாலக்காடு இருந்த மலபாரும், உடுப்பி இருந்த தென் கன்னடமும் 1956 வரைக்கும் சென்னையோடதான் இருந்தது. மைசூர், திருவாங்கூர்க்காரங்களையும் இதே பட்டியல்ல சேர்த்ததுதான் தப்பு.

1956ல எல்லை மாறிச்சு. 1969ல மாநிலம் தமிழ்நாடு ஆச்சு. 1996ல ஊரும் சென்னை ஆச்சு. விலாசம் போயிடுச்சு, சொல் மட்டும் தங்கிடுச்சு. நடுவுல 1966ல சிவசேனா ஆரம்பிச்சு, 'லுங்கி ஹட்டாவ்' கோஷம் கிளம்பினப்ப விலாசம் வசவாவே மாறிடுச்சு.

நார்வே, ஐஸ்லாந்துக்காரங்களோட பழைய மொழிக்கு 'நோர்ரோன்'னு பேர். 'வடக்கத்திய'ன்னுதான் அர்த்தம். அவங்களே தங்களுக்குச் சொல்லிக்கிட்ட பேர், அதனால அதுல ஒரு பெருமை. நம்ம ஊர்ல 'வடக்கத்தியான்'னு சொல்லிப் பாருங்க. அர்த்தம் அதேதான், தொனிதான் வேற!

'பையா'வும் அப்படித்தான். இந்தியில அண்ணன்னு அர்த்தம். மும்பையில அது உ.பி., பீகார்லேருந்து பிழைக்க வந்தவங்களை மட்டந்தட்டற பேர். நம்மளை இளக்காரமா 'அண்ணா'ங்கறாங்களே, அதே கதை. 2008ல இங்கே வடநாட்டு டாக்சிக்காரங்க அடி வாங்கினப்ப, "இந்தப் பையாக்களாலதான் ஊரே கெட்டுது"ன்னு செம்பூர்ல நம்மவங்களே பேசினதைக் கேட்டேன். 1966க்கு அப்புறம் நம்ம பெரியவங்க காதுல விழுந்த அதே பேச்சு, பேர் மட்டும்தான் மாறியிருக்கு.

என் கட்சி இதுதான். ஒரு சொல்லோட பூர்வீகம் சுத்தமா இருக்கறதால அது மரியாதையான சொல் ஆயிடாது. சொல்றவன் வாயிலதான் இருக்கு விஷயம். கவுண்டருக்கு வர்றவரை பாஸ்புக்ல இருக்கற பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வினாடி கூட அதிகம் ஆகறதில்லை.

மதராசின்னா தாராளமா கோபப்படுங்க. அதே வாயால பையான்னு மட்டும் சொல்லாதீங்க.