எல்லாம் அதிலேயே இருக்கிறதாம்!

"எல்லாம் இன்டர்நெட்டிலேயே இருக்கிறது, தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சில காலமாகவே எரிச்சல் வருகிறது. வேலையில் இருக்கிறவர்கள் வேலை தேடுகிறவனுக்கு அளிக்கும் உபதேசம் இது. காலணா செலவில்லாத உபதேசம்.

சென்ற மாதம் செங்கல்பட்டு ஜங்ஷனில் ஓர் இளைஞனைச் சந்தித்தேன். சிவகங்கைப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். "சார், இந்தக் கம்பெனி எங்கே இருக்கு?" என்று செல்போனைக் காட்டினான். 'செங்கல்பட்டு அருகில், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், உடனே சேரலாம்' என்று போட்டிருந்தது. சம்பளம் எவ்வளவு என்று இல்லை. யாருடைய கணக்கில் ஆள் சேர்க்கிறார்கள் என்றும் இல்லை. செங்கல்பட்டு அருகில் என்றால் எது? பரனூரை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியும் அருகுதான், மறைமலைநகரும் அருகுதான், திருக்கழுக்குன்றம் தாண்டிக் கல்பாக்கமும் ஒருவிதத்தில் அருகுதான். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினோம். இரண்டாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்பினால் வழி சொல்வதாக மறுமுனையில் ஒரு குரல் வெகு மரியாதையாகச் சொல்லிற்று.

"தம்பி, வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்க மாட்டான். அனுப்பாதே" என்றேன்.

"ஏற்கெனவே ஆயிரம் அனுப்பிட்டேன் சார்" என்றான், என் முகத்தைப் பாராமல்.

ஆயிரத்தோடு போயிற்றே என்று ஆறுதல்பட வேண்டிய காலம் இது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று வந்த விளம்பரங்களை நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மருக்குக் கடத்திக்கொண்டு போய், ஊரை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். அரசாங்கம் தலையிட்டு மீட்க வேண்டியதாயிற்று. அவர்களும் 'தேடிப் பார்த்துத்தான்' போனார்கள்.

நான் இன்டர்நெட்டுக்கு விரோதியல்ல. அது வராத காலம் பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். அந்தக் காலத்தில் காலி இடம் பற்றிய செய்தியே ஒரு சொத்தாக இருந்தது. மாமனிடமிருந்து மருமகனுக்கும், ஜாதிக்காரனிடமிருந்து ஜாதிக்காரனுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்கும் புதுப்பிப்பதற்கும் வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கு, 2011-இல் தமிழ்நாட்டில் இணையப் பதிவு வந்தது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது தெரியும். தனியார் வேலைகளுக்கென்று மாநில அரசு 2020-இல் தனியாக ஒரு தளமே வைத்தது, கட்டணம் கிடையாது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் வரிசை ஒழிந்தபோது கூடவே இன்னொன்றும் ஒழிந்துபோயிற்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சிடுசிடுத்துக்கொண்டாவது பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இப்போது கேள்வி கேட்க முகம் இல்லை. 1959-இல் ஒரு சட்டம் செய்தார்கள்: 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள் காலி இடங்களை நிரப்புமுன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அறிவித்தால் போதும். அறிவிக்கும் கடமையாவது முதலாளி தலையில் இருந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இடம்பெற்றது. ஏட்டில் கடமை அவருக்கு. நடப்பில் தேடும் கடமை முழுவதும் சிவகங்கைப் பையனுக்கு!

ஊரைத் தெரிந்துகொள்ளும் விஷயமும் இப்படித்தான். மாமல்லபுரம் என்று தட்டிப் பாருங்கள். கடற்கரைக் கோயிலும் பஞ்ச ரதங்களும் நூறு கோணங்களில் வந்து விழும். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் வரும். அங்கே ஓட்டல் வேலைக்கு வருகிறவன் ராத்திரி பத்து மணிக்கு மேல் செங்கல்பட்டுக்குத் திரும்ப பஸ் உண்டா, தனி ஆளுக்கு வீடு தருவார்களா என்பது வராது. 1957 முதல் அங்கே சிற்பக் கல்லூரி இருக்கிறது. அதில் சேரும் விவரம் கிடைக்கும். தெருவோரப் பட்டறையில் உளி பிடிக்கப் போகிறவனுக்கோ, யாராவது கூட்டிக்கொண்டு போய் 'நம்ம பையன்' என்று சொன்னால்தான் வழி. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-இல். பழைய பக்கங்கள் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே விலாசம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. படங்களில் ஊர் இருக்கிறது, ஊரார் இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். இதே கடற்கரையில் தெற்கே போனால் புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினம். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் நின்று கேட்டான். தப்பாகச் சொன்னால் மறுநாள் வந்து சட்டையைப் பிடிக்கலாம். வாசித்தவர் அதே ஊர்க்காரர். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள்.

வேலைக்கும் இதைத்தான் கேட்கிறேன். சம்பளம் எவ்வளவு, ஆள் நேரடியா ஒப்பந்தமா, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஷிப்ட் பஸ் எந்த ஊர்வரை வரும் - இந்த நான்கையும் சொல்லாத விளம்பரத்தை எந்தத் தளமும் ஏற்கக் கூடாது. ஏற்றதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதட்டும்; ஒருவர் உரக்கப் படிக்கட்டும். இ-சேவை மையத்தில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. பதில் சொல்ல ஒருவரை உட்கார வைப்பது ராக்கெட் விடுகிற காரியமா?

பையனை டீ குடிக்கச் சொன்னேன். "1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லு. பணம் திரும்பினாலும் திரும்பும்" என்றேன்.

கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குத் தகவல் போகுமா சார்? அந்த ஆயிரம், அப்பா வாங்கிக் குடுத்த கடன்" என்றான்.